கடலோரப் பம்ப் அறையில் மின்காந்த ஃப்ளோ மீட்டர் பூட்டி வயர் போட்ட விதம்

திருகோணமலையில் கடலோரப் பம்ப் அறை ஒன்றிலிருந்து "ஃப்ளோ மீட்டர் பிழையாகக் காட்டுது" என்று அழைப்பு வந்தால், குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் அந்த மீட்டரை நாங்கள் முதலில் சந்தேகிப்பதில்லை. ஏர்த்தைப் பார்ப்போம், பிறகு கேபிள் பெட்டிக்குள் நுழையும் வாயை இறுக்கும் கிளாண்டைக் கழற்றிப் பார்ப்போம். கரைச்சல் பெரும்பாலும் அந்த இரண்டு இடத்திலும்தான் இருக்கும். ஆகவே புதிதாக ஒன்றைப் பூட்டும்போது அந்த இரண்டுக்கும் கூடுதல் நேரம் ஒதுக்கினோம். அந்த வேலை நடந்த விதம் இது.

லைன் 110 மில்லிமீற்றர் பீவிசி. பம்ப் அறையிலிருந்து மேல்நிலைத் தாங்கிக்குப் போகிறது. ஓட்டம் அதிகபட்சம் மணிக்கு 60 கன மீற்றர். 100 மில்லிமீற்றர் மீட்டரில் அது விநாடிக்கு ஏறக்குறைய 2.1 மீற்றர் வேகம் தரும். விநாடிக்கு 1 முதல் 3 மீற்றர் வரை இந்த வகை மீட்டருக்கு நல்ல இடம் என்பதால் 100 போதும். "எதற்கும் பெரிதாக இருக்கட்டும்" என்று 150 வாங்கியிருந்தால் வேகம் 0.94க்கு இறங்கி, இரவில் ஓட்டம் குறையும்போது அளவு தடுமாறியிருக்கும்.

மின்காந்த மீட்டர், மின்சாரம் கடத்தும் திரவத்தை மட்டுமே அளக்கும். சாதாரணமாகச் சென்ரிமீற்றருக்கு 5 மைக்ரோசீமன்ஸாவது வேண்டும். குழாய்த் தண்ணீரில் அது தாராளமாக உண்டு. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் இருப்பது போன்ற டீசலிலோ பெற்றோலிலோ இந்த மீட்டர் எதுவும் காட்டாது. அங்கே டர்பைன் அல்லது கோரியோலிஸ் வகை தேவை. தீப்பற்றும் ஆவி உள்ள இடமாதலால் கருவிக்கும் வயரிங்கிற்கும் வேறு சட்டதிட்டம், வேறு அனுமதி. இங்கே எழுதியிருப்பதை அங்கே கொண்டுபோக வேண்டாம். கடல்நீர் லைனுக்கு மீட்டர் சரிவரும், ஆனால் தண்ணீரைத் தொட்டு அளக்கும் உலோக முனையான எலெக்ட்ரோட் 316 ஸ்டெயின்லெஸ்ஸாக இருந்தால் உப்பு அதைத் துளையிட்டுவிடும். டைட்டேனியம் அல்லது ஹாஸ்டலாய் கேட்டு வாங்க வேண்டும், ஏர்த் வளையமும் அதே உலோகத்தில்.

சென்சர் நிற்கும் குழி மாரியில் தண்ணீர் நிறைந்துவிடும். அதனால் குழாயில் பூட்டும் சென்சரும், அதன் சமிக்ஞையை எண்ணாகக் காட்டும் ட்ரான்ஸ்மிட்டரும் தனித்தனியாக உள்ள வகையை எடுத்தோம். சென்சர் குழிக்குள், ட்ரான்ஸ்மிட்டர் அறைச் சுவரில் கண்மட்டத்தில், வெயில் படாத பக்கம். திரையில் வெயில் நேரே விழுந்தால் சில வருடத்தில் எழுத்து மங்கிப்போகும்.

இடம் தெரிவதில் மூன்று விடயம் பார்த்தோம். முதலாவது, குழாய் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். பாதி நிறைந்த குழாயிலும் மீட்டர் ஓர் எண்ணைக் காட்டும், அது பிழையான எண். தண்ணீர் மேலே ஏறுகிற நிமிர்ந்த குழாய்தான் மிகச் சிறந்தது. எங்களுக்கு அது வாய்க்கவில்லை, தாங்கிக்கு ஏறுமுன் உள்ள தாழ்ந்த கிடைப்பகுதியில் வைத்தோம். லைனின் உயரமான முடக்கில் வைத்தால் காற்று அங்கேதான் தங்கும். இரண்டாவது, மீட்டருக்கு முன்னால் விட்டத்தைப் போல் 5 மடங்கும் பின்னால் 2 மடங்கும் நேர்க்குழாய், அதாவது 500 மற்றும் 200 மில்லிமீற்றர். முன்னால் பம்பும், தண்ணீரைத் திரும்பவிடாத நான்-ரிட்டர்ன் வால்வும் இருந்ததால் நாங்கள் 1 மீற்றர் விட்டோம். மூன்றாவது, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் குளோரின் சேர்க்கும் இடமும் மீட்டரைத் தாண்டிய பிறகு வர வேண்டும். குளோரின் கரைசல் சரியாகக் கலக்காமல் எலெக்ட்ரோடைத் தொட்டுப் போனால் எண் காரணமில்லாமல் துள்ளும்.

குழிக்குள் இறங்குமுன் பம்பின் பிரேக்கரை இறக்கி ஆமைப்பூட்டுப் போட்டு, "ஆள் வேலை செய்கிறார்" என்ற அட்டையும் தொங்கவிட்டோம். திறப்பு குழிக்குள் இறங்கியவரின் சட்டைப்பையில். இரண்டு பக்க வால்வையும் மூடி, வடிகால் வால்வைத் திறந்து, அழுத்தமானி பூச்சியத்துக்கு வந்து தண்ணீர் ஒழுகி முடியும்வரை ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. பல நாள் மூடிக்கிடந்த குழியில் உடனே இறங்கவும் கூடாது. மூடியைத் திறந்து விசிறியால் காற்றோட்டி, மேலே ஒருவர் நிற்க, பிறகுதான் இறங்க வேண்டும். ஆழம் இரண்டு மீற்றருக்குக் குறைவு என்பது இதற்குச் சலுகை அல்ல.

பூட்டும்போது அம்புக்குறி ஓட்டத்தின் பக்கம். வயர்ப்பெட்டி நேரே மேலே நிற்க வேண்டும், அப்போதுதான் இரண்டு எலெக்ட்ரோடும் கிடையாக இருக்கும். சென்சரைச் சரித்துப் பூட்டினால் ஒரு எலெக்ட்ரோட் மேலே போய்க் காற்றுக் குமிழியிலும், மற்றது கீழே போய் மண்டியிலும் மாட்டிக்கொள்ளும். டெஃப்லான் உள்ளுறையின் மடிப்பைக் காக்கும் மரத்தட்டைப் பூட்டுகிற நிமிடம் வரை கழற்றவில்லை. முன்கூட்டியே கழற்றினால் மடிப்பு நிமிர்ந்து எழும்பிவிடும். சென்சருக்குள் கம்பியை விட்டுத் தூக்குவது பல இடங்களில் நடக்கிறது. உள்ளுறையில் ஒரு கீறல் விழுந்தால் அதைத் திருத்த வழியே இல்லை.

இனி ஏர்த் வளையம். எலெக்ட்ரோடில் பிறக்கும் சமிக்ஞை சில மில்லிவோல்ட், சில வேளை அதற்கும் குறைவு. அதை எதோடு ஒப்பிட்டு அளப்பது? குழாய்க்குள் ஓடும் தண்ணீரோடு. இரும்புக் குழாயென்றால் குழாயே தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். பீவிசியில் தண்ணீர் யாரையும் தொடுவதில்லை, மிதந்துகொண்டிருக்கும் மின்னழுத்தத்தோடு ஓடும். அதனால் சென்சரின் இரண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் வளையம் ஒவ்வொன்று வைத்தோம். வளையத்துக்கு முன்னும் பின்னும் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் வேண்டும், ஆக மொத்தம் 4 கேஸ்கெட். வாங்கும்போது 2 மட்டும் வாங்கி வந்து நடுவில் வேலையை நிறுத்துவது சாதாரணமாக நடப்பதால் இந்த எண்ணிக்கையைச் சொல்கிறேன். கேஸ்கெட் உட்பக்கம் துருத்தக் கூடாது. கிராஃபைட் கேஸ்கெட் கூடவே கூடாது. அது மின்சாரம் கடத்தும், அதன் தூள் உள்ளுறையில் படிந்தால் சமிக்ஞை அங்கேயே குறுக்காகப் போய்விடும்.

இரண்டு வளையத்திலிருந்தும் சென்சரின் ஏர்த் ஆணிக்கு 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர். அங்கிருந்து அறையின் பிரதான ஏர்த் பாருக்குத் தனி வயர். பம்பின் வேகத்தை மாற்றி ஓட்டும் விஎஃப்டியின் உடம்பில் இருக்கும் ஏர்த் ஆணி பக்கத்திலேயே இருக்கும், அதில் மாட்டிவிடக் கை நீளும். மாட்டக் கூடாது. விஎஃப்டியின் மின் இரைச்சல் அந்த வயர் வழியே நேரே மீட்டருக்கு வரும். பம்ப் நிற்கும்போது எண் அசையாமல் இருந்து, ஓடத் தொடங்கியதும் ஆடினால் முதலில் இந்தத் தொடுப்பைத்தான் பார்க்க வேண்டும்.

மண்ணில் அடிக்கும் ஏர்த் கம்பி பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கரையோர மணல் கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்து பொருபொருத்துவிடும். மாரியில் அளந்தபோது நல்லாயிருந்த ஏர்த் ஆடியில் கெட்டுப்போகும். கம்பி கிணற்று நீர்மட்டத்தைத் தொடும் ஆழம்வரை போக வேண்டும், அளப்பதும் வரண்ட காலத்தில்தான் அளக்க வேண்டும். நாங்கள் 10 ஓமுக்குக் கீழே வந்த பிறகே அடுத்த வேலைக்குப் போனோம்.

குழாயையும் மீட்டரையும் இணைக்கும் தட்டான ஃபிளாஞ்சுக்கு 16 மில்லிமீற்றர் போல்ட் 8. எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ், இரும்பு போட்டால் உப்புக்காற்றில் கறள் பிடித்து ஒரு வருடத்தில் கழற்ற முடியாமல் போகும். எதிரெதிராக, மீட்டரின் கையேட்டில் சொன்ன முறுக்கத்தில் முதலில் பாதி, பிறகு 80 வீதம், பிறகு முழுதாக. டார்க் ஸ்பனர் இல்லாமல் கைப்பலத்தில் இறுக்கினால் பீவிசி ஃபிளாஞ்ச் வெடிக்கும். அடுத்த நாள் திரும்ப ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும், டெஃப்லான் அமுங்கி இடம் கொடுத்திருக்கும்.

சென்சருக்கும் ட்ரான்ஸ்மிட்டருக்கும் இடையே இரண்டு கேபிள்: சுருளுக்கு ஒன்று, எலெக்ட்ரோடுக்கு ஒன்று. மீட்டரோடு வந்த கேபிளையே பாவித்தோம், நடுவில் ஒட்டுப் போடவில்லை. மோட்டர் கேபிளிலிருந்து 300 மில்லிமீற்றர் தள்ளித் தனிக் கொண்டூயிற்றில் கொண்டு வந்தோம். ஓரிடத்தில் குறுக்கே கடக்க வேண்டி வந்தது, அங்கே செங்குத்தாகக் கடந்தோம். எலெக்ட்ரோட் கேபிள் ஆடினாலே இரைச்சல் பிறக்கும் என்பதால் கிளிப் அடித்து அசையாமல் பிடித்தோம். இரைச்சலைத் தடுக்கும் அதன் உலோக உறையை, அதாவது ஷீல்டை, எங்கே தொடுப்பது என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், மூடியின் உட்பக்கப் படத்தைப் பார்த்தே தொடுக்க வேண்டும்.

கிளாண்டை வடிவாகப் பார்க்கலாம். அதற்குள் ஒரு ரப்பர் வளையம், அது கேபிளின் உருண்டையான மேலுறையை எல்லாப் பக்கமும் சமமாகக் கவ்வ வேண்டும். கேபிள் மெல்லிதாக இருக்கிறதென்று டேப் சுற்றித் தடிப்பாக்கினால், டேப்பின் மடிப்பு வழியே தண்ணீர் நூல்போல் உள்ளே போகும். கேபிளின் விட்டத்துக்கு ஏற்ற கிளாண்ட்தான் மாற்ற வேண்டும். கிளாண்டின் வாய் கீழே பார்க்க வேண்டும். கேபிள் அதற்குள் ஏறுமுன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுக்கட்டும், மழைத்துளி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். பாவிக்காத துளைக்குப் பிளாஸ்டிக் தூசிமூடியோடு விடாமல் உலோக மூடி. பெட்டி நண்பகல் வெயிலில் சூடாகி உள்ளிருக்கும் காற்றை வெளித்தள்ளும், இரவில் குளிர்ந்து ஈரமும் உப்புமான காற்றை உறிஞ்சும். சின்ன இடைவெளி ஒன்று இருந்தால் மழையே பெய்யாமல்கூட முனையங்களில் பச்சை பூக்கும்.

ட்ரான்ஸ்மிட்டருக்கான 230 வோல்ட், 6 அம்பியர் பிரேக்கரோடும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சோடும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தனிச் சுவிட்சோடும் வந்தது. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்காக சப்ளைக்கு ஒன்றும் சமிக்ஞை லைனுக்கு ஒன்றுமாக சர்ஜ் தடுப்பான். வயர் நிறத்தை நம்பவே வேண்டாம்: பழைய வயரிங்கில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல். புதியதில் பிரவுன் லைன், நீலம் நியூட்ரல். ஆனால் பழைய மூன்று பேஸ் வயரிங்கில் நீலம் ஒரு பேஸ். ஆகவே டெஸ்டரை முதலில் உயிருள்ள, அதாவது மின்சாரம் உள்ள, ஒரு இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யும் முனையத்தில் வைத்து, திரும்பவும் உயிருள்ள இடத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்றாவது தொடுகையைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். நடுவில் டெஸ்டர் செத்திருந்தால் அதைச் சொல்வது அந்தத் தொடுகை மட்டுமே. ஏர்த் வயரை முதலில் தொடுத்தோம். கழற்றும்போது அதுதான் கடைசி.

ஓட்டத்தின் அளவை மின்னோட்டமாகக் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சிக்கு அனுப்பும் 4–20 மில்லிஅம்பியர் லைனில் அடிக்கடி நடக்கும் பிழை, இரண்டு பக்கமும் மின்சாரம் கொடுப்பது. தொடுக்குமுன் பிஎல்சி உள்ளீட்டு முனையங்களில் மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்துப் பார்த்தோம். 24 வோல்ட் காட்டியது. அப்படியென்றால் மின்சாரம் கொடுப்பது பிஎல்சி, ட்ரான்ஸ்மிட்டர் வெளியீடு, தானாக மின்சாரம் கொடுக்காத பாசிவ் முனையத்தில் இருக்க வேண்டும். இருவரும் கொடுத்தால் உள்ளீட்டுக் கார்ட் எரியலாம். இருவரும் கொடுக்காவிட்டால் பூச்சியம். இந்த லைனின் ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் ஏர்த் செய்து, ட்ரான்ஸ்மிட்டர் பக்கம் வெட்டிச் சுருங்கு குழாய் போட்டு மூடினோம். இரண்டு பக்கமும் தொடுத்தால் ஏர்த் வேறுபாட்டு மின்னோட்டம் அதன் வழியே ஓடும்.

20 மில்லிஅம்பியருக்கு மணிக்கு 100 கன மீற்றர் என்று வைத்தோம். ட்ரான்ஸ்மிட்டரிலேயே 4, 8, 12, 16, 20 என்று பொய்யாக அனுப்பினால் பிஎல்சி திரையில் 0, 25, 50, 75, 100 வர வேண்டும். 250 ஓம் உள்ளீட்டில் 12 மில்லிஅம்பியர் 3 வோல்ட் காட்டும். இந்த மீட்டர் பழுதென்றால் 3.6 மில்லிஅம்பியருக்கு இறங்கும்படி வைத்திருந்தோம். அதை பிஎல்சி "ஓட்டம் இல்லை" என்று எடுக்காமல் "பழுது" என்று எடுக்கும்படி சொல்லி வைத்தோம். சென்சர் தகட்டில் உள்ள கலிபரேஷன் எண்ணைப் பார்த்து அடித்து, இன்னொருவர் திரும்ப வாசித்துச் சரிபார்த்தார். பூச்சியம் சரிசெய்யும் பொத்தானை அழுத்தவில்லை. வால்வு கொஞ்சம் கசிந்தாலும் அந்தக் கசிவையே பூச்சியம் என்று மீட்டர் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாகத் தாங்கியை வைத்தே பார்த்தோம். 4க்கு 3 மீற்றர் தாங்கி, வெளிவால்வை மூடிவிட்டு 500 மில்லிமீற்றர் ஏறவிட்டால் 6 கன மீற்றர். முழு ஓட்டத்தில் 6 நிமிடம். நாடாவில் 5 மில்லிமீற்றர் பிசகினால் 1 வீதம் போய்விடும், ஆகவே மீட்டரின் நுணுக்கத்தை இது காட்டாது. விட்டத்தையோ அலகையோ பிழையாக அடித்திருந்தால் உடனே பிடித்துவிடும்.

எல்லாம் ஒத்து வந்த பிறகே சென்சரின் வயர்ப்பெட்டிக்குள் சீல் ஜெல்லை ஊற்றினோம். தண்ணீருக்குள் நிற்கும் ஐபி 68 தகுதி இந்த வகைப் பெட்டிக்கு ஜெல் ஊற்றிய பிறகுதான் கிடைக்கும், ஊற்றிவிட்டால் முனையத்தைத் திரும்பத் தொடுவது பெரும்பாடு. ஊற்றுமுன் தொடுப்புகளைப் படம் எடுத்து, அச்சடித்து, பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டோம்.