கம்பைலரின் நடுவே ப்ராசசர் பெயர் எதற்கு?

மொரிஷியஸ் நூறு ரூபாய்த் தாளில் ஆங்கிலம், தமிழ், இந்தி என மூன்று எழுத்திலும் தொகை அச்சாகியிருக்கிறது. மதிப்பு ஒன்றுதான். அங்குள்ள எபேன் நகரில் கணினி வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குக் கம்பைலரின் நடுப்பகுதியை விளக்க அந்தத் தாளே போதும். கம்பைலர் நாம் எழுதும் கோடை ப்ராசசரின் கட்டளைகளாக மாற்றுகிறது. நடுப்பகுதி கோடை வேகமாக்கும், பின்பகுதி அதை அந்தந்த ப்ராசசருக்கான கட்டளைகளாக எழுதும். நடுப்பகுதி பார்க்க வேண்டியது மதிப்பை. எந்த எழுத்தில் அச்சாகும் என்பது பின்பகுதியின் பாடு.

பிழை அவசரத்தில்தான் நுழைகிறது. ஒரு சோதனை தோற்கும். உடனே நடுப்பகுதியில் ‘எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி ப்ராசசர் வகை) என்றால்’ என ஒரு வரி சேரும். அது ஒன்றோடு நிற்காது.

வகுத்தலைப் பாருங்கள். முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் எக்ஸ்86இல் புரோகிராம் விழுந்துவிடும். வேறொரு ப்ராசசர் வகையான 64 பிட் ஆர்ம் சத்தமில்லாமல் 0 தரும். இன்னொரு வகையான ரிஸ்க்-ஃபைவ் −1 தரும். லூப்புக்குள் ‘வகுஎண் பூஜ்யமில்லை என்றால் வகு’ என்றிருக்கிறது. வேகத்துக்காக வகுத்தலை நிபந்தனைக்கு முன்னால் லூப்புக்கு வெளியே தூக்கி வைக்கிறோம். ஆர்மில் வரும் 0ஐ யாரும் எடுக்கப் போவதில்லை, கேடில்லை. எக்ஸ்86இல் நிபந்தனையை எட்டும் முன்பே விழும். ஆர்ம் மடிக்கணினியில் தேறிய கோடு எக்ஸ்86 சர்வரில் சாய்வது இப்படித்தான். பூஜ்யத்தை மட்டும் தடுத்தாலும் போதாது: இருப்பதிலேயே சிறிய குறை எண்ணை −1ஆல் வகுத்தாலும் எக்ஸ்86 விழும்.

ஆகவே நடுப்பகுதி பெயரைக் கேட்கக் கூடாது. ‘உன் வகுத்தல் விழுமா?’ என்று கேட்கட்டும், பின்பகுதி பதில் சொல்லட்டும். புதிய ப்ராசசர் வந்தால் ஒரு பதிலை எழுதினால் முடிந்தது. பல கம்பைலர்களுக்கு அடித்தளமான எல்எல்விஎம் இன்னும் கண்டிப்பு. அதன் நடுப்பகுதி கையாளும் இடைமொழியிலேயே பூஜ்ய வகுத்தல் வரையறையற்றது, எந்த ப்ராசசருக்கும் அப்படித் தூக்குவதில்லை. ஆர்முக்குக் கொஞ்சம் நட்டம்தான், ஆனாலும் நியாயமான விலை. வெக்டர் அகலம் (ஒரே கட்டளையில் எத்தனை எண்களைச் சேர்த்துக் கணக்கிடலாம் என்பது) போன்றவற்றை நடுப்பகுதி அறிந்தே ஆக வேண்டும். அங்கேயும் ‘டார்கெட் டிரான்ஸ்ஃபார்ம் இன்ஃபோ’ என்ற இடைமுகம் வழியாகத்தான் கேட்கிறார்கள்.

நடு, பின் பகுதிகளின் கோப்புறையைப் பிரித்தால் மட்டும் ஒழுங்கு வராது. நடுப்பகுதியை பில்ட் செய்யும்போது பின்பகுதியின் ஹெடர் (அறிவிப்புக் கோப்பு) பாதையையே கொடுக்காதீர்கள். யாராவது அதை உள்ளே இழுக்க இன்க்ளூட் போட்டால் பில்ட் அங்கேயே நின்றுவிடும். ஒரே ஒரு ப்ராசசரை மட்டும் சேர்த்தும் அவ்வப்போது பில்ட் செய்யுங்கள், ஒட்டிக்கொண்ட இடங்கள் லிங்க் பிழையாக (துண்டுகளை இணைக்கையில் வரும் பிழை) வெளிவரும். ஆர்ம் பலகை கையில் இல்லையென்றால் ப்ராசசரைப் போல நடிக்கும் மென்பொருளான க்யூஎமுவில் ஓட்டலாம்.

கம்பைலர் ஓடும் கணினியும் மறைமுகமாக நுழையும். 64 பிட் லினக்ஸில் சி மொழியின் ‘லாங்’ என்ற முழு எண் வகை 8 பைட், விண்டோஸில் 4. லினக்ஸில் உட்கார்ந்து விண்டோஸுக்குக் கம்பைல் செய்கையில், மாறிலிகளைத் தன் ‘லாங்’கிலேயே கூட்டிவைக்கும் கம்பைலர் தவறான எண்ணை எழுதும். அகலத்தை எப்போதும் டார்கெட்டிடம் (கோடு ஓடப்போகும் கணினியிடம்) கேட்டே கூட்டுங்கள்.