மத்தியானப் பை: காவேரிப்பட்டணம் நாட்குறிப்பு

ஜூன் 3

டயாலிசிஸ் பைகள் வந்து இறங்கின. என் வயிற்றில் வைத்த குழாய் வழியாகப் பையிலிருக்கும் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, புதுப் பை மாற்ற வேண்டும்; கிட்னி செய்ய வேண்டிய வேலையை வீட்டிலேயே இது செய்கிறது. ஒரு பை 2 லிட்டர், நாளைக்கு மூன்று, மாதத்துக்கு 90. தையல் மெஷினை வராண்டாவுக்குத் தள்ளிவிட்டு அட்டைப் பெட்டிகளை அடுக்கினோம். கூட வந்த தன்னார்வலர் அக்கா ஒரு டம்ளர் மோர்கூட வாங்கவில்லை. அடுத்த தெருவில் பிரஷர் மாத்திரைக்குக் காத்திருக்கிறார்களாம். வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் இந்த அரசுத் திட்டம், மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அன்றைக்கு டி.வி.யில் பார்த்தபோது, வயசானவங்களுக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 8

சொந்தத்தில் கல்யாணம். மத்தியானம் 2 மணிக்குப் பை மாற்றியாக வேண்டும். மண்டபத்தில் சுத்தமான அறைக்கு எங்கே போவது? வரவில்லை என்றே சொல்லியிருந்தேன். "நீ வா கண்ணு, பக்கத்துலயே நம்ம வீடு இருக்குல்ல" என்றார் சித்தி. போனால், அறையைத் துடைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பை மாட்டச் சுவரில் புது ஆணியும் அடித்து வைத்திருக்கிறார். உடம்பு எப்படி இருக்கு என்று அன்றைக்கு நாற்பது பேராவது கேட்டிருப்பார்கள். ஆணி அடித்தது சித்தி மட்டும்தான்.

ஜூன் 13

காலையில் வடிந்த பை கலங்கல். எப்போதும் இளமஞ்சளாகத் தெளிவாக இருக்கும்; இன்று அரிசி கழுவிய தண்ணி மாதிரி. பாப்பா பேப்பரைப் பைக்குப் பின்னால் பிடித்தாள். தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை. வயிற்றிலும் வலி. தொற்றுதான் என்று புரிந்துவிட்டது.

நர்ஸுக்குப் போன் போட்டேன். "அந்தப் பையக் கொட்டிடாதீங்கம்மா, அப்படியே எடுத்துட்டு வாங்க, டெஸ்டுக்கு வேணும்" என்றார். இவர் பெங்களூரா மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு ஜூஸ் ஃபேக்டரிக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. எதிர்வீட்டுத் தம்பிதான் ஆட்டோ எடுத்தான். கலங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆன்டிபயாட்டிக்கைப் புதுப் பைக்குள் கலந்து வயிற்றுக்குள் விட்டார்கள்.

எட்டு மாதமாக இவர் அந்தக் குழாயை நேராகப் பார்த்ததில்லை. பை மாற்ற உட்கார்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பயம்தான், வெறுப்பில்லை. தெரிந்தும் மனசு நோகத்தான் செய்கிறது.

ஜூன் 17

எழுத்து தெரிகிறது! சின்ன எழுத்துகூட.

பக்கத்துக் கட்டிலில் பர்கூர் அக்கா. நாலு வருஷமாக இதே சிகிச்சை, ஜவுளிக் கடை வேலையையும் விடவில்லை. "வடியிற தண்ணியோட புரதமும் போயிடும், டாக்டரைக் கேட்டுட்டு தினம் முட்டை வெள்ளை சாப்பிடு" என்றார். நம்பர் வாங்கிக்கொண்டேன். இதுவரை என்னை மாதிரி இன்னொருத்தரை நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 22

நேற்று இவரே ஆஸ்பத்திரிக்கு வந்து, நர்ஸ் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார். இன்று 2 மணிப் பை அவருடையது. மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்த விரல்கள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். சோப்புப் போட்டுத் தேய்த்தார், மறுபடியும் தேய்த்தார். கறை போகவில்லை. "இது அழுக்கு இல்லல்ல?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். மாஸ்க்குக்கு மேலே நெற்றியெல்லாம் வியர்வை. ஃபேனும் போடக் கூடாதே. மூடியைத் திறக்கும்போது மூச்சையே பிடித்துக்கொண்டார்.

வடிந்த பையைக் கொக்கித் தராசில் மாட்டினார். அதுவரை நடுங்கிய கை அங்கே நடுங்கவில்லை. "ரெண்டு கிலோ எரநூறு!" என்று மண்டியில் கூவுகிற மாதிரியே சொன்னார். பாப்பா நோட்டில் எழுதிக்கொண்டாள்.