காணாமல் போன பட்டன்: ஒரு சிறுவர் கதை எழுதும் நாட்குறிப்பு

ஜூன் 2

கதையை முடித்துவிட்டேன். 1,140 சொற்கள். ஒரு சட்டையிலிருந்து குதித்து ஓடும் பொத்தானின் கதை. தன்னைப் போல அழகு யாருமில்லை என்ற நினைப்பு அதற்கு, மற்ற நாலு பொத்தான்களோடு வரிசையில் நிற்கப் பிடிக்காமல் நூலை அறுத்துக்கொண்டு விழுகிறது, உருள்கிறது, மழையில் நனைகிறது, யார் யார் காலிலோ மிதிபடுகிறது, கடைசியில் ஒற்றுமைதான் நல்லது என்று புரிந்து திரும்பி வருகிறது. மூன்று வாரமாக வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து எழுதியது. மூன்றிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகளுக்கு, அதாவது இன்னும் தானாகப் படிக்கத் தெரியாத அல்லது இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைகளுக்கு எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரு மனிதரின் வாழ்க்கையில் முதல் புத்தகமாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

நாளை அக்கா மகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அவளுக்கு நாலு வயது.

ஜூன் 3

வாசித்தேன். இரண்டாவது தாளுக்கு வரும்போதே எழுந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்க ஆரம்பித்துவிட்டாள். நான் நிறுத்தவில்லை, முழுக்க வாசித்து முடித்தேன். முடிந்ததும் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சித்தி, அந்தச் சட்டைக்கு என்னாச்சு?"

அது கதையில் வராது என்றேன். "அப்போ பட்டன் இல்லாம அந்தப் பாப்பா எப்படிச் சட்டை போட்டுக்கும்?" என்றாள்.

நான் எழுதிய கதையில் பாப்பாவே கிடையாது. சட்டை என்று ஒன்று இருந்தால் அதைப் போட ஒரு பாப்பா இருந்தாக வேண்டும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள், அந்தப் பாப்பாவுக்காகக் கவலையும் பட்டாள். 1,140 சொற்களில் நான் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ அது எதுவுமே அவளைத் தொடவில்லை, நான் எழுதாத ஒன்று தொட்டிருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். நான் "பொத்தான்" என்றுதான் வாசித்தேன். அவள் "பட்டன்" என்றுதான் கேட்டாள்.

ஜூன் 8

புதிதாக ஆரம்பித்தேன். பாப்பாவிலிருந்து. பாப்பா வெளியே கிளம்புகிறாள், சட்டையில் ஒரு பட்டன் இல்லை, தேடுகிறாள். அவ்வளவுதான் கதை.

எழுதியதை நானே சத்தமாக வாசித்துப் பார்த்தபோதுதான் என் வாக்கியங்கள் எவ்வளவு கனம் என்று தெரிந்தது. "உருண்டுகொண்டிருந்தது" என்று எழுதியிருந்தேன். எண்ணிப் பார்த்தால் 11 எழுத்து. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை ஆறாவது எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்தை மறந்திருக்கும். "உருண்டது" என்றால் ஐந்தே எழுத்து. தமிழில் இது ஒரு தனிச் சிக்கல், வினையோடு ஒட்டிக்கொண்டே போகும் சொற்கள் நமக்குப் பழக்கம், கண்ணுக்கு ஒரே சொல்லாகத் தெரிகிறது, குழந்தைக்கோ அது ஒரு ரயில். ஆனால் ஒன்றும் சொல்ல வேண்டும், காதால் மட்டும் கேட்கிற குழந்தைக்கு நீளமான சொல் பயமே இல்லை, "குடுகுடுவென்று" என்றால் சிரிக்கும், திரும்பச் சொல்லும். ஆகவே யாருக்கு எழுதுகிறோம், வாசித்துக் கேட்பவருக்கா தானே படிப்பவருக்கா என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். நான் கேட்பவருக்கு என்று முடிவு செய்திருக்கிறேன். மடியில் குழந்தை, கையில் புத்தகம், வாசிப்பது ஒரு பெரியவர். அந்தப் பெரியவரின் மூச்சுக்கும் நாக்குக்கும் ஏற்றபடி வரி அமைய வேண்டும்.

இரட்டைக்கிளவி எவ்வளவு பெரிய சொத்து நமக்கு! சலசல, மளமள, கடகட, குடுகுடு. படத்தில் காட்ட முடியாத சத்தத்தை இவை கொண்டுவந்துவிடுகின்றன. பட்டன் விழும் வரியை இப்படி எழுதினேன்: "டிக். குடுகுடு குடுகுடு. டொக்." இன்று எழுதியதில் இந்த ஒரு வரிதான் முழுத் திருப்தி.

பொத்தான் போயே போய்விட்டது. பட்டன்தான். பொத்தான் நல்ல சொல்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் கதையின் நடுவில் குழந்தை நின்று அர்த்தம் கேட்கிற சொல்லாக அது இருக்கக் கூடாது, ஏனென்றால் இந்தக் கதையே அதைப் பற்றித்தான். வேறு இடத்தில் ஒன்றிரண்டு புதுச் சொற்களைத் தாராளமாக வைப்பேன்.

ஜூன் 10

வந்தது என்று எழுதுவதா வந்துச்சு என்று எழுதுவதா? இரண்டு நாளாக இதே யோசனை. கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில், பாப்பா பேசுவது பேச்சுத் தமிழில் என்று வைத்துக்கொண்டேன். "எங்க போச்சு?" என்று அவள் கேட்டால்தான் அது அவள் குரல், "எங்கே போயிற்று?" என்றால் அது என் குரல்.

ஜூன் 15

படப் புத்தகங்கள் ஏன் பெரும்பாலும் 32 பக்கம் இருக்கின்றன என்று இன்றுதான் கைப்படத் தெரிந்துகொண்டேன். ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் எட்டு இதழ், முன்னும் பின்னுமாக 16 பக்கம். அச்சகத்தில் ஒரு ஃபாரம் என்பது இதுதான். இரண்டு ஃபாரம் என்றால் 32. பழைய செய்தித்தாளை மடித்து மடித்துப் பார்த்து, ஓரத்தில் எண் போட்டு, பிரித்துப் பார்த்தால் எண்கள் தலைகீழாகவும் இடம் மாறியும் நிற்கின்றன. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம் ஒன்று, செய்தேன். எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் 32 பக்கம் வந்துவிடும். முதல் மூன்று பக்கம் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் போய்விட, 4 முதல் 31 வரை எதிரெதிரான 14 ஜோடிப் பக்கங்கள், கடைசியில் தனியாக 32ஆம் பக்கம். என் கதை இந்த 14 ஜோடிக்குள் உட்கார வேண்டும்.

கணினித் திரையில் ஒரே நீளமாக இருந்த கதையை வெட்டி வெட்டி ஒட்டியபோது இரண்டு விஷயம் உடனே தெரிந்தது. ஒன்று, முதல் நான்கு ஜோடிப் பக்கங்களில் எதுவுமே நடக்கவில்லை, பாப்பா தூங்கி எழுந்து, பல் தேய்த்து, குளித்து, அலமாரியைத் திறக்கிறாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இப்போது முதல் பக்கத்திலேயே பட்டன் விழுகிறது. இரண்டாவது, பக்கம் புரட்டுவது என்பதே ஒரு சொல். வலது பக்கத்தின் கீழே "கட்டிலுக்கு அடியில்?" என்று நிறுத்தினால், தாளைப் புரட்டும் அந்த ஒரு நொடி முழுக்கக் குழந்தையுடையது. நான் முதலில் கேள்வியையும் பதிலையும் ஒரே பக்கத்தில் வைத்திருந்தேன். அந்த நொடியை நானே பறித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22

எழுதவில்லை. உடம்பு சரியில்லை.

ஜூன் 29

இன்று நடந்ததை விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

எனக்குப் படம் வரையத் தெரியாது, ஆனால் டம்மியில் எதாவது இருந்தால்தானே வாசிக்க முடியும் என்று குச்சிக் கையும் குச்சிக் காலுமாகப் பாப்பாவைப் போட்டேன். பட்டனை யாரும் வரையலாம், ஒரு வட்டம், உள்ளே நாலு புள்ளி. கட்டில் வரும் பக்கத்தில் பட்டனைக் கட்டில் காலுக்குப் பின்னால் பாதி தெரிகிற மாதிரி வரைந்துவிட்டேன், அடுத்த பக்கத்தில் அது எங்கே போகும் என்று எனக்கே நினைவிருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அங்கே வரி இப்படி: "கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தூசி இருந்தது. ஒரு பென்சில் இருந்தது. பட்டன் அவள் கண்ணில் படாமல் கட்டில் காலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது."

அக்கா மகளுக்கு வாசித்தேன். கடைசி வரியை வாசிக்க ஆரம்பிக்கும் முன்பே "அதோ!" என்று கத்தினாள், விரலால் பட்டனைக் குத்தினாள். நான் வரியை முடித்தபோது அவள் முகம் சுருங்கியது. அவள் கண்டுபிடித்ததை நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அப்படியே உட்கார்ந்து பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு ஒரே ஒரு சொல் எழுதினேன். "காணோம்."

திரும்ப வாசித்தேன். "கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தூசி இருந்தது. ஒரு பென்சில் இருந்தது. பட்டன்? காணோம்."

"இருக்கு! இருக்கு சித்தி! பாப்பா பாக்கல!" என்று என் கையைப் பிடித்து இழுத்து இழுத்துக் காட்டினாள். இப்போது கதை சொல்பவளுக்கும் தெரியாது, பாப்பாவுக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும்தான் தெரியும். நாலு வயதில் எல்லாவற்றையும் பெரியவர்கள்தான் அறிந்திருக்கிறார்கள், ஒரு புத்தகத்திலாவது குழந்தைக்கு எங்களைவிட அதிகம் தெரிந்திருக்கட்டுமே.

மற்ற பக்கங்களையும் இதே மாதிரி அறுத்தேன். படம் சொல்வதைச் சொல் திரும்பச் சொல்லக் கூடாது. "நீல நிறச் சட்டை" என்று ஏன் எழுதினேன், படத்தில் தெரியுமே. "சோகமாக" எதற்கு, முகத்தில் தெரியுமே. 640 சொல்லில் இருந்தது இரவுக்குள் 290க்கு வந்துவிட்டது. வெட்டிய ஒவ்வொரு சொல்லும் பிடித்துத்தான் எழுதியது, ஆனாலும் வலிக்கவில்லை.

ஜூலை 5

முடிவில் அம்மா வந்து புதுப் பட்டன் தைத்துக் கொடுப்பதாக வைத்திருந்தேன். தோழி ஒருத்தி படித்துவிட்டு, "கஷ்டம் பாப்பாவுக்கு, தீர்வு மட்டும் அம்மாவிடமா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. அம்மா ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கட்டும், அது ஆபத்தில்லாத உதவி. ஆனால் எந்தப் பட்டன் என்று பாப்பாதான் தேடிப் பிடிக்க வேண்டும். இப்போது அவள் பழைய பெட்டியைக் கொட்டித் தேடி ஒரு சிவப்புப் பட்டனை எடுக்கிறாள். நாலு வெள்ளை, ஒரு சிவப்பு. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப் போகிறது. காணாமல் போன பட்டன்? கடைசி 32ஆம் பக்கத்தில் சொல்லே இல்லை, சுவர் ஓரத்தில் எறும்புகள் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன, அது அவற்றுக்கு மேசை.

ஒற்றுமை பற்றிய வரிகளில் ஒன்றுகூட இப்போது மிச்சமில்லை. அறிவுரைக்காகவே கதை என்று நம்பி வளர்ந்தவள் நான், அதை விடுவதற்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஜூலை 13

மழலையர் வகுப்பு எடுக்கும் தோழியின் அறையில் 17 குழந்தைகளுக்கு வாசித்தேன். மூன்றாவது "காணோம்" வரும்போது எல்லாரும் சேர்ந்து "காணோம்" சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலம். அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் டாக்டர் சூஸ் 1960இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தை வெறும் 50 வெவ்வேறு சொற்களை வைத்தே எழுதினார் என்று படித்தபோது அது ஏதோ வித்தை காட்டுவது என்று நினைத்திருந்தேன். குறைந்த சொல் திரும்ப வந்தால் குழந்தை அதைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது என்று இன்று கண்ணால் பார்த்தேன்.

ஒரு பையன் கடைசிவரை ஒன்றும் பேசாமல் இருந்தான். எல்லாரும் போன பிறகு வந்து 32ஆம் பக்கத்தைக் காட்டச் சொல்லி, எறும்புகளை எண்ணிவிட்டுப் போனான்.

பாப்பா சோஃபாவில் தேடும் பக்கம் வந்தபோது மட்டும் கூட்டம் கலைந்தது. அங்கே ஏதோ தொய்வு. ஒரு தேடல் அதிகம் போல, எடுத்துவிடலாம்.

ஜூலை 27

ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். கதை மட்டும்தான், படம் இல்லை. பொதுவாக ஓவியரைப் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும், எழுதுபவர் தனியாக ஆள் பிடித்து வரைந்து அனுப்பத் தேவையில்லை. படத்தைப் பற்றிய குறிப்பும் அவசியமான இடத்தில் மட்டும். என் கதையில் அவசியம், "காணோம்" என்கிற இடத்தில் பட்டன் படத்தில் தெரிய வேண்டும் என்று சொல்லாவிட்டால் கதையே இல்லை. ஒரே வரியில் சொல்லிவிட்டேன். பாப்பாவின் தலைமுடி எப்படி, சுவர் என்ன நிறம், அதெல்லாம் ஓவியரின் வேலை, அவரும் இந்தப் புத்தகத்துக்குப் பாதி ஆசிரியர்தான்.

செப்டம்பர் 30

பதில் வந்தது. எடுத்துக்கொள்ள முடியவில்லை என்று இரண்டு வரி, மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். மதியம் முழுக்க மனசு சரியில்லை.

இரவு ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அவருடைய முயல் கதை 1893இல், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்குப் படம் போட்டு எழுதிய கடிதமாகத்தான் பிறந்தது. பின்னால் அதைப் புத்தகமாக்கப் பதிப்பாளர்கள் மறுத்ததால் 1901 டிசம்பரில் தன் செலவில் 250 பிரதி அச்சடித்தார். அடுத்த ஆண்டு பதிப்பகம் ஒன்று முன்வந்தது. எனக்கு அந்த 250ஐவிடக் கடிதம்தான் மனசில் நிற்கிறது. கண்ணுக்கு முன்னால் ஒரு குழந்தை, அதன் பெயர் தெரியும், எதற்குச் சிரிக்கும் என்று தெரியும். என் கதையும் முதல் தடவை யாருக்கும் இல்லாமல் எழுதப்பட்டது, இரண்டாம் தடவை ஒருத்திக்காக எழுதப்பட்டது.

வேறு பதிப்பகத்துக்கு அனுப்ப எடுத்து வைத்திருக்கிறேன். சோஃபாவை எடுத்தாயிற்று. 262 சொற்கள்.

அக்டோபர் 12

அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். டம்மியை நான் அங்கேயே விட்டு வந்திருந்தேன், ஸ்டேப்ளர் பின் கழன்று, அட்டை மடங்கி, ஒரு மூலை ஈரத்தில் ஊறி உப்பிப் போயிருந்தது. அவள் பொம்மைக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாது, ஆனால் ஒரு சொல் விடாமல் சொல்கிறாள், "காணோம்" வரும்போது பொம்மையின் தலையை இடமும் வலமுமாக ஆட்டுகிறாள்.

32ஆம் பக்கத்தில் எறும்புகளுக்குப் பக்கத்தில் புதிதாக வட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு புள்ளி.

"இதெல்லாம் யாரு?" என்றேன்.

"மத்த பட்டன் சித்தி. அது தனியா இருக்குல்ல, அதான் எல்லாம் பாக்க வந்திருக்கு."

எண்ணிப் பார்த்தேன். ஐந்து வட்டம். நாலு வெள்ளை, ஒன்றுக்கு மட்டும் சிவப்பு கிரேயானால் அழுத்தி அழுத்தி வண்ணம் தீட்டியிருந்தாள்.