இரண்டு மோதல்களில் பிடிபடும் எலக்ட்ரான்

வேகமாகச் செல்லும் புரோட்டான் ஒன்று ஹைட்ரஜன் அணுவைக் கடக்கும்போது அதன் எலக்ட்ரானைத் தன்னோடு கொண்டுபோய்விடுவது உண்டு. ஒரே ஒரு எலக்ட்ரான், இரண்டே அணுக்கருக்கள். இதைவிட எளிய மோதல் இருக்க முடியாது என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். ஆனால் எலக்ட்ரான் கவர்வு எனப்படும் இந்த நிகழ்வு கோட்பாட்டாளர்களைப் பல பத்தாண்டுகள் அலைக்கழித்திருக்கிறது.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. 25 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டானின் வேகம், ஹைட்ரஜன் அணுவுக்குள் எலக்ட்ரானுக்கு இயல்பாக உள்ள வேகத்துக்கு ஏறத்தாழச் சமம். ஆற்றலை 1 மெகா எலக்ட்ரான் வோல்ட்டாக உயர்த்தினால் புரோட்டானின் வேகம் அதைப் போல ஆறு மடங்கைத் தாண்டிவிடும். பிடிபட வேண்டுமானால் எலக்ட்ரானும் அதே வேகத்தில், அதே திசையில் போயாக வேண்டும். அவ்வளவு உந்தம் அதற்கு எங்கிருந்து வரும்?

எலக்ட்ரான் எந்த உந்தத்தோடு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் அணுவின் அலைச்சார்பில், உயர் உந்தத்துக்கு என்று மெல்லிய வால் ஒன்று உண்டு. அதிலிருந்துதான் வருகிறது என்பதே 1928-இல் ஓப்பன்ஹைமரும், 1930-இல் பிரிங்க்மன், கிராமர்ஸ் இருவரும் முன்வைத்த முதல் வரிசைக் கணக்கின், அதாவது ஒரே ஒரு மோதலை மட்டும் கணக்கில் கொள்ளும் தோராயத்தின், சாரம். அந்த வால் மிக விரைவாகத் தேய்வதால், கவர்வு நிகழும் வாய்ப்பை அளக்கும் குறுக்குவெட்டுப் பரப்பு வேகத்தின் 12-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. இக்கணக்கு தந்த மதிப்புகள் அளவீடுகளைவிடப் பெரியவையாக இருந்தன. 1953-இல் ஜாக்சனும் ஷிஃபும் இரு அணுக்கருக்களுக்கு இடையிலான விலக்கு விசையைச் சேர்த்தபோது மதிப்புகள் இறங்கி அளவீடுகளை நெருங்கின. எனினும் அந்த நெருக்கத்தை நான் முழுமையாக நம்புவதில்லை. எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனமான கருக்கள் ஒன்றையொன்று விலக்குவதால் அவற்றின் பாதை சற்று வளையலாமே தவிர, மொத்தக் கவர்வின் அளவு மாறக் கூடாது. மாறியதாகத் தெரிந்தது முதல் வரிசைத் தோராயத்தின் குறைபாடே.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1927-இல், எல். எச். தாமஸ் குவாண்டம் கோட்பாட்டைத் தொடாமல் வேறொரு வழியைக் காட்டியிருந்தார். புரோட்டான் எலக்ட்ரானைத் தாக்கி 60 பாகைக் கோணத்தில் எறிகிறது; அக்கோணத்தில் எறியப்படும் எலக்ட்ரானுக்குப் புரோட்டானின் வேகமே அமைகிறது. அது தன் சொந்த அணுக்கருவின் மீது சிதறி, வேகம் மாறாமல் மீண்டும் 60 பாகை திரும்பிப் புரோட்டானுக்கு இணையாகப் பறக்கிறது. எலக்ட்ரானின் பக்கவாட்டு உந்தத்தைப் புரோட்டான் ஈடுசெய்தாக வேண்டும் என்பதால், 60 பாகையின் சைன் மதிப்பை 1836-ஆல் வகுத்தால் புரோட்டான் விலகும் கோணம் கிடைக்கும்: 0.47 மில்லிரேடியன். பத்து மீட்டர் தள்ளி ஒரு திரையை வைத்தால் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான விலகல். இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று, பென்சிலால் முடிந்துவிடும் இந்தக் கணக்கின் அழகில் நெடுநேரம் ஆழ்ந்திருந்தேன்.

தாமஸின் வழியில் குறுக்குவெட்டுப் பரப்பு வேகத்தின் 11-ஆம் அடுக்கில் குறைகிறது. வேகம் இருமடங்கானால் முதல் வரிசைக் கணக்கு 4096-இல் ஒரு பங்காகச் சுருங்கும். தாமஸின் கணக்கு 2048-இல் ஒரு பங்காக மட்டுமே சுருங்கும். ஆகவே போதிய வேகத்தில் தாமஸின் வழியே மிஞ்ச வேண்டும். 1955-இல் டிரிஸ்கோ தோராயத் தொடரில் இரண்டு மோதல்களைக் குறிக்கும் அடுத்த உறுப்பான இரண்டாம் வரிசைப் போர்ன் உறுப்பைக் கணக்கிட்டபோது குவாண்டம் கோட்பாட்டிலும் அதே 11-ஆம் அடுக்கு வெளிப்பட்டது. சிறு திருத்தமாக மட்டுமே வர வேண்டிய இரண்டாம் உறுப்பு தலைமை உறுப்பாகிவிடுவதுதான் இத்துறையில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி. மின்னேற்றங்களுக்கு இடையிலான கூலும் விசை நெடுந்தொலைவுக்கு நீள்வதையும் உரியபடி சேர்த்துக்கொண்டு 1964-இல் செஷயர் அமைத்த தொடர்நிலைத் திரிபலைக் கோட்பாடும் இந்த இரட்டைச் சிதறலைத் தன்னுள் கொண்டிருக்கிறது.

1983-இல் ஹார்ஸ்டல்-பெடர்சன், காக், ஸ்டாக்லி ஆகியோர் மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்களை ஹீலியத்தில் செலுத்தி, எலக்ட்ரானைக் கவர்ந்த புரோட்டான்களின் எண்ணிக்கை தாமஸ் வழிக்குரிய 0.47 மில்லிரேடியனில் ஒரு முகடாக உயர்வதைக் கண்டனர். அந்த முகட்டின் அளவு வேகத்தின் 11-ஆம் அடுக்கில்தான் குறைகிறது என்பது, 12.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை நீண்ட அளவீடுகளைக் கொண்டு 2006-இல் வெளியான ஆய்வில்தான் உறுதிப்பட்டது; தாமஸ் எழுதி அப்போது 79 ஆண்டுகள் ஆகியிருந்தன.