39ன்னா எந்த வருஷம்? – ஹயாட்டா ஷீட் ஒண்ணைத் தேடி அலைஞ்ச கதை

ஹயாட்டாங்கிற அந்தக் கால ஜப்பான் தாவரவியல்காரர் பேர் வெச்ச தைவான் செடியை வெச்சு வேலை பாக்குற யாருக்காவது உபயோகப்படும்னு எழுதுறேன். உபயோகப்படலைன்னாலும் பரவால்ல, எங்கயாவது பொலம்பியே ஆகணும். 2023 அக்டோபர்ல ஆரம்பிச்ச வேலை, 2024 பிப்ரவரில தான் ஒரு வழியா முடிஞ்சது. ஒரே கட்டடத்துக்கு மூணு தடவை போனேன், ரெண்டு தடவை வெறுங்கையோட திரும்பினேன். எந்த ஹெர்பேரியம்னு (காஞ்ச செடியைத் தாள்ல ஒட்டிச் சேர்த்து வைக்கிற எடம், அந்தத் தாள் தான் ஷீட்) சொல்ல மாட்டேன், அங்க இன்னும் போக வேண்டியிருக்கு.

என் தீசிஸ்ல ஒரு சாப்டர் ரூபஸ், அதாவது ராஸ்பெர்ரி ஜாதி முள்ளுச்செடிங்க. தைவான் ரூபஸ்னு எதைத் தொட்டாலும் பேருக்குப் பின்னாடி ஹயாட்டா உக்காந்திருப்பாரு. மனுஷன் அந்தத் தீவுல இருந்து மட்டும் ஆயிரத்து ஐநூறுக்கு மேல புதுப் பேர் வெச்சிருக்காரு. அதுல எத்தனையோ இப்ப சினானிமா, அதாவது ஏற்கெனவே பேர் இருக்குற செடிக்கு வெச்ச இன்னொரு பேராப் போயிடுச்சு, ஆனா சினானிம்னு ஒதுக்குறதுக்கும் அவர் எந்தக் காஞ்ச செடியைப் பாத்து அந்தப் பேரை வெச்சாருன்னு கண்ணால பாக்கணுமே, அங்க தான் என் தலைவலி ஆரம்பம். நான் தேடினது அவரோட 1908 புக்கு, 'ஃப்ளோரா மான்டானா ஃபார்மோசே', தைவான் மலைச்செடிங்களைப் பத்தினது, அதுல வந்த ஒரு பேர். பேப்பர் இன்னும் அச்சுல வரல, அதனால செடி பேரை இங்க சொல்லல, கோச்சுக்காதீங்க.

மூலப் பதிப்பு தேடுறது எல்லாம் இப்ப ஒரு வேலையே இல்ல, பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரில ஓசில கிடைக்கும். லத்தீன் வர்ணனை, கீழ இங்கிலீஷ்ல நாலு வரி. பிரச்சினை என்னன்னா ஹயாட்டா மூணு கலெக்ஷனை வரிசையாப் போட்டுட்டு எது டைப்னு, அதாவது அந்தப் பேருக்கு ஆதாரமான ஷீட் எதுன்னு, சொல்லாம விட்டுட்டாரு. அவர் தப்பு இல்ல, அந்தக் காலத்துல முக்காவாசிப் பேர் சொல்லல, டைப் எதுன்னு சொல்லியே ஆகணும்னு ரூல் வந்ததே 1958ல. ஆனா நம்ம இப்ப அந்த மூணுல ஒண்ணைப் பொறுக்கி லெக்டோடைப், அதாவது பின்னாடி தேர்ந்தெடுத்த டைப், ஆக்கணும். அதுக்கு மூணையும் பாக்கணும்.

ரெண்டு ஷீட் டோக்கியோல. மெயில் போட்டேன், பத்து நாள்ல படம் வந்துடுச்சு, அவ்ளோ தான்.

அந்தப் படத்தைப் பாத்தப்ப தான் வயித்துல புளி கரைச்சுச்சு. ரெண்டு ஷீட்லயும் இலை, முள்ளு, மொட்டு, முடிஞ்சது. ஹயாட்டா வர்ணனைல பழத்தைப் பத்தி ஒரு வரி முழுசா எழுதியிருக்காரு. அப்ப பழம் இருந்தது மூணாவதுல தான் இருக்கணும். அது கவகாமியும் மோரியும் 1906 அக்டோபர்ல மோரிசன் மலை ஏறினப்ப எடுத்தது. இவங்க ரெண்டு பேரையும் தெரியாம தைவான் செடி வேலை பாக்க முடியாது. ஹயாட்டா தைவானுக்கு அப்பப்ப வந்துட்டுப் போனாரே தவிர முக்காவாசி நேரம் டோக்கியோல தான் உக்காந்திருந்தாரு, காடு மேடெல்லாம் ஏறி எறங்கிப் பொட்டலம் கட்டிக் கப்பல்ல அனுப்பினது கவகாமி, மோரி, நகஹாரா, கொனிஷி மாதிரி ஆளுங்க. 1906ல லண்டன் லின்னியன் சொசைட்டி ஜர்னல்ல ஹயாட்டா போட்டு உலகமே திரும்பிப் பாத்த 'தைவானியா' மரம் கூட கொனிஷி எடுத்துக் குடுத்த கிளை தான். அனுப்புனது போக சில ஷீட்டுங்க தைவான்லயே தங்கிடுச்சு, எனக்கு வேணும்ங்கிறதும் அப்படித் தங்கினதுல ஒண்ணா இருக்கும்னு என் கைடு சொன்னாரு.

முதல் தடவை. விடியக்காலைல கிளம்பி ரெண்டு மணி நேர பஸ். உள்ள போனா கவுண்டர்ல ஒரு அக்கா, ஃபார்மை வாங்கிப் பாத்தாங்க, சிவப்புப் பேனாவால ஒரு வட்டம் போட்டாங்க. "தோங்ஷுவே, வருஷம் தப்பு." தோங்ஷுவேன்னா மாணவரேன்னு அர்த்தம், தைவான்ல அந்த வார்த்தையை எவ்ளோ அன்பா சொல்றாங்களோ அவ்ளோ கெட்ட செய்தி பின்னாடி வருதுன்னு அர்த்தம். நான் 2023ன்னு போட்டிருந்தேன். அங்க எல்லா ஃபார்ம்லயும் குடியரசு வருஷம், 1912ஐ ஒண்ணுன்னு வெச்சு எண்ணணும், அதனால 112. சரின்னு அடிச்சுட்டு 112ன்னு எழுதப் போனேன், அடிச்சு எழுதக் கூடாதாம், புது ஃபார்ம். புதுசை எழுதிக் குடுத்தா "உங்க புரொஃபசர் சீல் எங்க?" கையெழுத்து இருக்கே அக்கான்னேன். கையெழுத்து செல்லாது, சீல் தான் வேணும். புரொஃபசரோ வெளிநாட்டுல கான்ஃபரன்ஸ்ல. சரி என் சீலாவது போடுறேன்னு, பக்கத்துத் தெருவுல சாவி வெட்டுற கடைக்கு ஓடி, என் சீனப் பேர்ல மூணு எழுத்து ஒரு மரக்கட்டையில செதுக்கி வாங்கிட்டு அரை மணி நேரத்துல வந்து நின்னேன். அக்கா அதைக் கையில வாங்கி "அழகா இருக்கு"ன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டாங்க. அவங்களுக்கு வேண்டியது புரொஃபசர் சீல், என்னோடது இல்ல. இதுல உச்சம் என்னன்னா, எல்லாம் சரியா இருந்திருந்தாலும் அன்னிக்கு உள்ள விட்டிருக்க மாட்டாங்க, அந்த வாரம் முழுக்க பூச்சி மருந்து அடிக்கிற வாரம், அறிவிப்பு சீன மொழிப் பக்கத்துல மட்டும் போட்டிருக்காங்க, நான் இங்கிலீஷ் பக்கத்தைப் பாத்துட்டுக் கிளம்பிட்டேன். இதை அந்தக்கா மொதல்லயே சொல்லியிருந்தா சாவிக் கடைக்கு ஓடியிருக்க மாட்டேன்ல?

இங்க ஒரு விஷயம். ஹெர்பேரியத்துக்குப் போறவங்க திறந்திருக்கான்னு போன் பண்ணிக் கேளுங்க, மெயில் போதாது. ஃபார்மை முந்தின வாரமே அனுப்பிச் சரின்னு பதில் வாங்கிட்டுப் போங்க.

ரெண்டாவது தடவை டிசம்பர்ல, சீல் கீல் எல்லாம் பக்கா. உதவியாளர் ஒரு தம்பி, நல்ல பையன், கம்ப்யூட்டர் லிஸ்ட்ல தேடினான். டைப் ஃபோல்டர்ல இல்ல. அந்த செடி பேர்ல பொது ஃபோல்டர்ல மொத்தம் ஏழு ஷீட், வருஷம் போடுற கட்டத்துல 1906ன்னு ஒண்ணு கூட இல்ல. ஆளு பேர்ல தேடினான், கவகாமியும் இல்ல, மோரியும் இல்ல. எடம் பேர்லயும் தேடலாம்னு நான் தான் உசுப்பேத்தினேன், அதுல ஒன்றரை மணி நேரம் போச்சு. ஏன்னா அப்ப தைவான் ஜப்பான் ஆட்சில இருந்துச்சு, ஹயாட்டா எழுதின ஊர் பேர் எல்லாம் ஜப்பான்காரங்க உச்சரிப்பு. கரென்கோன்னா ஹுவாலியென், ஆகோன்னா பிங்துங், கோஷுன்னா ஹெங்சுன், அரிசான்னா அலிஷான், மோரிசன் தான் யூஷான். இதெல்லாம் எனக்கு அத்துப்படின்னு தெம்பா உக்காந்துட்டு, 'ககி'ன்னு இருந்ததை காவ்ஷியுங்னு எடுத்துக்கிட்டு அந்தத் தம்பியையும் தெக்குக்கு விரட்டிட்டேன், அது சியாயி. காவ்ஷியுங் பழைய பேர் தகாவோ. உச்சரிப்பை வெச்சு யூகிக்காதீங்க, அந்த எழுத்தைக் கண்டுபிடிச்சு அதை இப்ப சீனத்துல எப்படிப் படிப்பாங்கன்னு பாருங்க, ஒரு நிமிஷ வேலை.

ஏழு ஷீட்டையும் எடுத்துப் பாத்திருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. ஃபார்ம்ல நான் கேட்டது 'டைப், 1906' மட்டும். கேட்டது இல்லன்னா வேறதைப் பாக்க வேற ஃபார்ம். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கதவு சாத்தியாச்சு. திரும்பி வர்ற பஸ்ல அம்மா போன் பண்ணி "காஞ்ச செடி தானடா, எங்க போயிடப் போகுது"ன்னாங்க. அதைத் தான்மா நானும் கேக்குறேன்னேன்.

ஜனவரி முதல் வாரம், காலேஜ்ல ஏதோ பில்லுக்கு வேற ஒரு ஃபார்ம் எழுதிட்டு இருக்கேன். வருஷம்ங்கிற எடத்துல கை தானா 112ன்னு போட்டுச்சு, புது வருஷம் பொறந்துடுச்சு, 113 போடணும், நாக்கைக் கடிச்சுக்கிட்டு வெறும் நம்பரைப் பாத்துட்டே இருந்தேன். அப்ப தான் பொறி தட்டுச்சு. தம்பி காட்டின லிஸ்ட்ல ஒரு வரி இருந்துச்சு: யூஷான், எடுத்தவர் தெரியவில்லை, 1950 அக்டோபர். 1950ன்னா குடியரசு வருஷம் 39. ஜப்பான்ல ராஜா மாறினா வருஷத்தைத் திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணுவாங்க, அந்தக் கணக்குல மெய்ஜி ராஜா காலத்து 39ன்னா எது தெரியுமா? 1906!

யாரோ ஒருத்தர் லேபிள்ல வெறும் 39ஐப் பாத்துட்டுக் குடியரசு வருஷம்னு எடுத்து 1950ன்னு தட்டியிருக்காங்க. தைவான் லேபிளைப் படிக்கிறவங்க இதை மனப்பாடமே பண்ணி வெச்சுக்கலாம், மெய்ஜின்னா 1867ஐக் கூட்டணும், ஷோவான்னா 1925, தைஷோவுக்கும் குடியரசுக்கும் 1911. தைஷோவும் குடியரசும் ரெண்டும் 1912லயே ஆரம்பிக்கிறதால அதுல குழப்பினாலும் தப்பு வராது, வேட்டு வைக்கிறது மெய்ஜியும் ஷோவாவும் தான். ஹயாட்டா செத்தது 1934ல. 1950ல எடுத்த செடியை அவர் பாத்திருக்க வாய்ப்பே இல்லன்னு நானே அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கேன், அந்தக் கடுப்பு இன்னும் போகல.

மூணாவது தடவை ஃபார்ம்ல 'ஏழு ஷீட்டும்'னு எழுதினேன். 113ன்னும் எழுதினேன். தம்பி கேபினெட்டைத் திறந்தான், அந்த நாப்தலின் வாசனை கப்புன்னு ஏறுச்சு, ஷீட்டுங்களைப் புக்கு மாதிரி புரட்டாம ஒவ்வொண்ணாத் தட்டையாத் தூக்கி மேஜைல அடுக்கினான். அஞ்சாவது ஷீட். டீத்தூள் கலர்ல ஒரு கிளை, ரெண்டு இலை ஒடிஞ்சு ஓரத்துல கிடக்கு, அதை யாரோ மெல்லிசு பேப்பர்ப் பட்டையால ஒட்டி வெச்சிருக்காங்க. காம்பு நுனியில காஞ்சு சுருங்கின மூணு பழம், மொளகு சைஸ். மேல மூலையில ஒரு பேப்பர்ப் பொட்டலம், லேசா சாச்சா உள்ள விதை உருளுற சத்தம். லேபிள் ஓரம் அரிச்சுப் போய் எடுத்தவங்க பேர் இருந்த எடத்துல ஓட்டை. ஆனா கிளையில நூல் கட்டித் தொங்கின சின்னச் சீட்டுல பென்சில்ல '39.10', அதுக்குக் கீழ ஒரு நம்பர். போன்ல 1908 புக்கைத் திறந்து வெச்சுப் பாத்தேன். அதே நம்பர். சத்தம் போடக் கூடாத எடத்துல "யெஸ்"னு கத்திட்டேன், தம்பி பயந்துட்டான்.

லிஸ்ட்ல இருக்குற நம்பர் ஹெர்பேரியம் சேர்க்கை நம்பர், செடி எடுத்தவங்க போட்ட நம்பர் வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஷீட்டைப் படம் எடுக்குறப்ப தொங்குற சீட்டோட பின்பக்கத்தையும் எடுங்க, நான் எடுக்காம விட்டு தம்பிக்கு மெயில் போட்டுக் கேட்டு வாங்கினேன். அப்புறம் ஹயாட்டா உயரம் எழுதுறப்ப 'பெட்'னு முடிப்பாரு, அது அடி, மீட்டர் இல்ல. 10000 பெட்ன்னா சுமார் 3050 மீட்டர். மீட்டர்னு எடுத்தா யூஷான் உச்சியே 3952 தான், உங்க செடி மேகத்துல மொளைச்சிருக்கும்.

பேப்பர் எழுதி அனுப்பினப்ப ரிவியூவர் ஒரே ஒரு அடி அடிச்சாரு. லெக்டோடைப் தேர்ந்தெடுக்குறப்ப 'டெசிக்னேட்டட் ஹியர்'னு வார்த்தை போடணும், 2001ல இருந்து அது இல்லாட்டி செல்லாது. நான் போடல! நாலு மாசம் நாய் அலைச்சல் அலைஞ்சு ரெண்டு வார்த்தைல போயிருக்கும். நீங்க அனுப்புறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு வார்த்தையைத் தேடிப் பாத்துட்டு அனுப்புங்க.

இந்த நாலு மாசத்துல ஹயாட்டாவை நான் திட்டாத திட்டு இல்ல. இலை கொஞ்சம் அகலமா இருந்தா புது ஸ்பீஷிஸ், மயிர் கொஞ்சம் கம்மின்னா இன்னொண்ணு, அப்படிப் பிரிச்சுத் தள்ளியிருக்காரு. ஆனா ரிவியூவர் பதிலுக்குக் காத்திருந்த வாரத்துல அவரோட பெரிய வேலையான 'இகோனெஸ் பிளான்டாரம் ஃபார்மோசானாரம்' பத்தாவது வால்யூமைத் திறந்தேன், பத்து வால்யூம், 1911ல ஆரம்பிச்சு 1921ல முடிச்சது. அந்தக் கடைசி வால்யூம்ல மனுஷன் பிளேட்டையே மாத்துறாரு. செடிங்களோட உறவு மரக்கிளை மாதிரி பிரிஞ்சு போறது இல்ல, வலை மாதிரி, எல்லாப் பக்கமும் கட்டுண்டு கிடக்கு, எந்த குணத்தை வெச்சுப் பாக்குறோமோ அதுக்கு ஏத்த மாதிரி செடி எடம் மாறும்னு சொல்றாரு, டைனமிக் சிஸ்டம்னு பேர். புத்த பக்தி உள்ள வீட்டுப் பையன், இந்திரனோட வலைல ஒவ்வொரு ரத்தினமும் மத்த எல்லா ரத்தினத்தையும் காட்டும்ங்கிற கருத்துல ஊறினவர். இத்தனை ஆயிரம் ஷீட்டைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேர் வெச்ச ஆளுக்குத் தான் கோடு எங்கயும் நிக்க மாட்டேங்குதுன்னு புரிஞ்சிருக்கும்னு தோணுச்சு. எனக்கு அந்த சிஸ்டம் முழுசா ஒத்துக்க முடியல, டிஎன்ஏ வெச்சு வேலை பாக்குறவன் நான். ஆனா அதைப் படிச்சதுல இருந்து திட்டுறது கொறைஞ்சிருக்கு.

கடைசியா ஒண்ணு. அந்த லிஸ்ட்ல 1950ஐ 1906ன்னு மாத்துங்கன்னு ஹெர்பேரியத்துக்கு மெயில் போட்டேன், அடுத்து வர்றவங்களாவது பிழைக்கட்டும்னு. மறுநாளே பதில் வந்துச்சு, ரொம்ப நன்றி, திருத்தம் கோரும் ஃபார்ம் இணைச்சிருக்கோம், பூர்த்தி பண்ணி அனுப்பவும்னு. வருஷத்துல 113ன்னு போட்டேன். கீழ 'விண்ணப்பிப்பவர் சீல்'னு ஒரு கட்டம். மேஜை டிராயர்ல தேடி அந்த மரக்கட்டையை எடுத்தேன்.