முதல் ஊசிக்கு முந்தைய அறிக்கை

நான் ஒரு திருநம்பி; பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட ஆண். முதல் ஹார்மோன் ஊசிக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 82 நானோகிராம் என்றும் அதன் எதிரே 'அதிகம்' என்றும் அச்சாகியிருந்ததைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சியை இன்று சற்றுக் கூச்சத்துடன்தான் நினைத்துக்கொள்கிறேன். என் உடலே எனக்காகச் சாட்சி சொல்வதாக எண்ணிக்கொண்டேன். மருத்துவரோ அந்த வரியைக் கடந்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.9 சதவீதம் என்றிருந்த இடத்தில் கோடிட்டார். 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை.

இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்றார். உடல் இன்சுலினுக்குச் சரிவரப் பணியாதபோது கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது; மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களைப் பெருக்குவதோடு, டெஸ்டோஸ்டிரோனைப் பிணைத்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் உருவாக்குவதையும் குறைத்துவிடுகிறது. நீர்க்கட்டி என்று பொதுவாகச் சொல்லப்படும் பிசிஓஎஸ்ஸில் பலருக்கு நடப்பது இதுதான். சிகிச்சை தொடங்காத திருநம்பிகளை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வு ஒன்று, 2007இல், பாதிக்கும் மேற்பட்டோரிடம் பிசிஓஎஸ்ஸைக் கண்டது. உடனே ஹார்மோன் கோளாறுதான் ஒருவரைத் திருநம்பியாக்குகிறது என்று கிளம்புபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. பிசிஓஎஸ் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் தம்மைப் பெண்ணாகவே உணர்பவர்கள்.

நான்கைந்து மாதங்கள் மாதவிடாய் வராததையும் வரமாகக் கருதி எவரிடமும் சொல்லாமல் இருந்தேன். முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் போதிய அளவு சுரப்பதில்லை என்பதும், ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனித்து வேலை செய்வதால் கருப்பையின் உட்சுவர் தடித்து, கவனிக்காமல் விட்டால் காலப்போக்கில் புற்றுநோய் அபாயம் கூடும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. உள்ளே கருவி செலுத்தும் ஸ்கேன் என்றால் ஓடியிருப்பேன். வயிற்றின் மேலிருந்தே பார்க்கலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

சர்க்கரையைக் காரணம் காட்டி ஊசியை அவர் தள்ளிப்போடவில்லை. இரத்த அழுத்தம், கொழுப்பு, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சதவீதத்தில் காட்டும் ஹீமாடோக்ரிட் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கருத்தரிப்பு இல்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டார். டெஸ்டோஸ்டிரோன் நல்ல கொழுப்பைக் குறைத்து, சிவப்பணுக்களைக் கூட்டும் என்பதால், பின்னர் ஒப்பிட இந்தத் தொடக்க எண்கள் வேண்டும்.

அப்போது என் ஹீமாடோக்ரிட் 41. சில மாதங்கள் கழித்து அது 48 ஆனபோது, ஆய்வகம் பெண்களுக்கான வரம்பை வைத்து மீண்டும் 'அதிகம்' என்று அச்சிட்டிருந்தது. மருத்துவர் அதை அடித்துவிட்டு, ஆண்களுக்கான வரம்பைப் பக்கத்தில் எழுதி, 54ஐத் தாண்டினால்தான் மருந்தளவைக் குறைப்பது பற்றிப் பேச வேண்டும் என்றார்.