ஒன்றும் இரண்டும் செய்த குற்றம் என்ன?

அக்கா மகள் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்திருந்த நேரத்தில் அத்தான் அந்தப் பக்கமாக வராமல் இருந்திருந்தால், ஓர் உறவின் மதிப்பகத்தைக் காண்பது ஐந்து நிமிட வேலையாகவே முடிந்திருக்கும். எக்ஸ், ஒய் இரண்டும் முழுக்கள். அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 25 வர வேண்டும். இப்படிப் பொருந்தும் (எக்ஸ், ஒய்) வரிசைச் சோடிகளின் தொகுப்புதான் உறவு, அந்தச் சோடிகளில் முதலில் நிற்கும் எண்களின் கணம்தான் மதிப்பகம். இந்த உறவின் மதிப்பகம் யாது என்பதுதான் கேள்வி. "முழுக்கள் என்று அவர்களே சொல்லிவிட்டார்களே, எல்லா முழுக்களும்தான் மதிப்பகம்" என்று அத்தான் மூக்குக்கண்ணாடியைக்கூட மாட்டிக்கொள்ளாமல் தீர்ப்பு வழங்கினார்.

"அப்படியானால் 100-க்குச் சோடி எதுப்பா?" என்றாள் மகள். ஒரு குறை எண்ணைச் சேர்த்துக்கொண்டால் போயிற்று என்றார் அவர். குறை எண்ணையும் வர்க்கப்படுத்தினால் மிகை எண்ணாகிவிடும் என்று அவள் பொறுமையாக விளக்கியதும், -5 முதல் 5 வரையிலான 11 எண்கள் என்று இறங்கி வந்தார். அதிலும் அவள் விடவில்லை. எக்ஸ் 3 என்றால் மீதி 16, ஆகவே ஒய் 4 அல்லது -4. ஆனால் எக்ஸ் 1 என்றால் மீதி 24, எக்ஸ் 2 என்றால் மீதி 21, இரண்டுமே முழு வர்க்கங்கள் அல்ல என்று சொல்லி, 1, 2, -1, -2 ஆகிய நான்கையும் பென்சிலால் அடித்தாள்.

அத்தானுக்கு மனம் கேட்கவில்லை. "24-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 4.9 வருகிறதே, அதை 5 என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று சிபாரிசுக்கு வந்தார். வரிசைச் சோடிகளில் முதல் உறுப்பாக உண்மையிலேயே இடம்பெறும் எண்களுக்குத்தான் மதிப்பகத்தில் இடம் என்பதும், கொடுத்த கணத்தின் எல்லா உறுப்புகளுக்கும் தவறாமல் நிழல் உரு, அதாவது சோடியில் இரண்டாவதாக நிற்கும் எண், ஒன்றே ஒன்று இருக்க வேண்டும் என்ற கட்டாயம் சார்பு என்ற தனிவகை உறவுக்குத்தானே தவிர எல்லா உறவுக்கும் இல்லை என்பதும் அவர் காதில் ஏறவே இல்லை. (இந்த உறவு சார்பாகவும் ஆகாது, 0-க்கே 5, -5 என்று இரண்டு நிழல் உருக்கள்.) ஒருவழியாக -5, -4, -3, 0, 3, 4, 5 என்ற ஏழு உறுப்புகளோடு விடை முடிந்தது.

அடுத்த கணக்கும் அதே சமன்பாடுதான். முழுக்களுக்குப் பதிலாக மெய்யெண்கள். இப்போது 24-இன் வர்க்கமூலத்துக்குத் தடையில்லை என்பதால், -5 முதல் 5 வரை எல்லா மெய்யெண்களும் மதிப்பகத்துக்குள் வந்துவிட்டன. "நான் சொன்னபோது கேட்டாயா? அந்த ஒன்றையும் இரண்டையும் தனியாக எழுதிக் காட்டு" என்று அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். [-5, 5] என்று இடைவெளியாக எழுதினாலே போதும், தனியாக எழுதினால் மதிப்பெண் கிடையாது என்றாள் மகள். அப்படியும் அவர் நகர்வதாக இல்லை என்பதைப் பார்த்து, ஓரத்தில் பொடி எழுத்தில் 1, 2 என்று எழுதிக் காட்டிவிட்டு, அவர் எழுந்து போனதும் அழித்துவிட்டாள்.